ஆலிவ் எண்ணெயில் கலப்படம்: எந்தச் சோதனைக்குப் பணம் கொடுப்பது?

எக்ஸ்ட்ரா விர்ஜின் (சுத்திகரிக்காமல் பிழிந்து மட்டும் எடுத்த முதல்தர) ஆலிவ் எண்ணெய் சரக்கு ஒன்று கிடங்குக்கு வந்திருக்கிறது. கூட வந்த சான்றிதழில் அமிலத்தன்மை 0.3 சதவீதம், பெராக்சைடு (ஆக்சிஜன் பட்டுக் கெட்டதைக் காட்டும் அளவு) 8 என்று போட்டிருக்கிறது. இரண்டும் நல்ல எண்கள். ஆனால் கலப்படம் உண்டா இல்லையா என்பதைப் பற்றி இரண்டும் வாயே திறக்காது. சுத்திகரித்த சூரியகாந்தி எண்ணெயில் அமிலத்தன்மை மிகக் குறைவு. அதைக் கலக்கக் கலக்க இந்த எண் இன்னும் அழகாகத்தான் மாறும். ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்பும் பலரும் 'முழுச் சோதனை' என்று எழுதிவிடுகிறார்கள். திரும்பி வருவது இந்த இரண்டு எண்ணும் ஈரப்பதமும் நிறமும்தான். பணமும் போய், கேள்வியும் அப்படியே நிற்கிறது.

மாட்ரிட்டில் இருக்கும் சர்வதேச ஆலிவ் கவுன்சிலின் வணிகத் தரநிலை, சோதனைகளைத் தரம், தூய்மை என்று இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறது. அமிலத்தன்மை (எக்ஸ்ட்ரா விர்ஜினுக்கு 0.8 சதவீதம் வரை), பெராக்சைடு (கிலோவுக்கு 20 மில்லி ஈக்விவலன்ட் வரை), சுவைக்குழுவின் தீர்ப்பு எல்லாம் தரத்தைச் சேர்ந்தவை. கொழுப்பு அமிலம், ஸ்டெரால் (கொலஸ்ட்ரால் குடும்பத்துத் தாவரப் பொருள்கள்), ஸ்டிக்மாஸ்டாடயீன், மெழுகு, டெல்டா ஈசிஎன்42 ஆகியவை தூய்மையைச் சேர்ந்தவை; ஒவ்வொன்றும் என்ன என்பது கீழே வரும். கலப்படம்தான் சந்தேகம் என்றால் இரண்டாவது பட்டியலில் இருந்துதான் தேர்ந்தெடுக்க வேண்டும். எல்லாவற்றையும் செய்யக் காசு இருந்தால் பிரச்சினையே இல்லை. இல்லாதபோது, 'இந்த விலைக்கு விற்றவர் எதைக் கலந்திருந்தால் அவருக்குக் கட்டுப்படியாகும்?' என்ற கேள்வியில் இருந்துதான் தொடங்க வேண்டும். கலப்படப் பொருள் மாறினால் சரியான சோதனையும் மாறிவிடும்.

என்னென்ன கலக்கிறார்கள்

முதல் வகை முரட்டுக் கலப்படம். சூரியகாந்தி அல்லது சோயா எண்ணெயில் பச்சையத்தையும் பீட்டா கரோட்டினையும் போட்டு நிறமேற்றி விற்பது. 2019 மே மாதம் இத்தாலியக் காவல்துறையும் யூரோபோலும் சேர்ந்து பிடித்த சுமார் 1,50,000 லிட்டர் சரக்கு இந்த ரகம். ஸ்பெயினில் 1981-ல் நடந்ததும் இதன் கொடூர வடிவம்தான்: தொழிற்சாலைப் பயன்பாட்டுக்கென்று அனிலின் சேர்க்கப்பட்டிருந்த கடுகின (ரேப்சீட்) எண்ணெயை ஆலிவ் எண்ணெய் என்று கூவி விற்றார்கள். ஏறத்தாழ 20,000 பேர் பாதிக்கப்பட்டு, 300-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள்.

இரண்டாவது வகை, படித்தவர்கள் செய்யும் கலப்படம். ஒலிக் அமிலம் மிகுந்த சூரியகாந்தி எண்ணெய், ஹேசல்நட் எண்ணெய் என்று ஆலிவின் கொழுப்பு அமில அமைப்பை ஒட்டி வருகிறவற்றைத் தேடிப்பிடித்துச் சேர்ப்பார்கள். மூன்றாவது வகையில் கலக்கப்படுவதும் ஆலிவ் எண்ணெய்தான்: சுத்திகரித்த ஆலிவ், புண்ணாக்கில் இருந்து கரைப்பான் மூலம் எடுத்த பொமேஸ் எண்ணெய், குறைந்த வெப்பத்தில் நாற்றம் நீக்கிய மட்ட ரக எண்ணெய். பிடிப்பதற்கு இதுதான் மிகக் கடினம்.

மலிவான சோதனைகள்

ஃபிரிட்ஜில் வைத்தால் உறைகிறதா என்று பார்ப்பதை விட்டுவிடலாம். உறைவது ஆலிவ் ரகத்தையும், மெழுகு நீக்கப்பட்டதா என்பதையும் பொறுத்தது. கலப்பட எண்ணெயும் உறையும், சுத்தமான எண்ணெயும் தெளிவாகவே நிற்கும்.

அயோடின் மதிப்பு (75 முதல் 94), 20 டிகிரியில் ஒளிவிலகல் எண் (1.4677 முதல் 1.4705) இரண்டும் அகலமான வலைகள். முழுக்க முழுக்கச் சூரியகாந்தி என்றால் சிக்கும், 10 சதவீதம் என்றால் நழுவிவிடும். வனஸ்பதிக்காக இந்திய ஆய்வகங்கள் காலங்காலமாகச் செய்துவரும் பௌடூவான் சோதனை, ஃபர்ஃபுராலும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் கொண்டு நல்லெண்ணெயை இளஞ்சிவப்பு நிறத்தில் காட்டிக்கொடுக்கும். அதற்கு மட்டும் அது நல்ல சோதனை. பருத்திக்கொட்டை எண்ணெய்க்கான ஹால்ஃபன் சோதனையோ, எண்ணெயைக் கடுமையாகச் சூடாக்கியிருந்தால் பலிக்காது. ஆலிவில் இன்று கலக்கப்படுபவை பெரும்பாலும் இந்த இரண்டும் அல்ல.

புற ஊதா அளவீடு: அரை மணி நேரத்தில் ஒரு எச்சரிக்கை

மலிவில் உருப்படியானது இதுதான். 0.25 கிராம் எண்ணெயைத் துல்லியமாக நிறுத்து, 25 மி.லி. அளவுக் குடுவையில் ஐசோஆக்டேனில் கரைத்து, 1 செ.மீ. குவார்ட்ஸ் குவெட்டில் 264, 268, 272 நானோமீட்டர்களில் அளக்க வேண்டும். கரைப்பான் சைக்ளோஹெக்சேன் என்றால் நடு அலைநீளம் 270. வாசிப்பு 0.1-க்கும் 0.8-க்கும் இடையில் இருக்க வேண்டும். இதே கரைசலை 232-ல் வைத்தால் வாசிப்பு 1.5-ஐத் தாண்டும். அதற்குத் தனியாக ஐந்து மடங்கு நீர்த்த கரைசல் தேவை. எண்ணெய் கலங்கலாக இருந்தால் முதலில் அறை வெப்பத்தில் வடிகட்டியாக வேண்டும், ஈரத் துகள்கள் ஒளியைச் சிதறடித்து எல்லா எண்ணையும் ஏற்றிவிடும். சாதாரண ஆய்வகக் கரைப்பானும் கெடுக்கும், புற ஊதா அளவீட்டுக்கென்றே விற்கும் தரத்தில் வாங்க வேண்டும்.

கே என்பது அந்தந்த அலைநீளத்தில் எண்ணெய் ஒளியை உறிஞ்சும் அளவு (ஐசோஆக்டேனில் 268-ல் அளந்ததையும் கே270 என்றே சொல்வோம்); டெல்டா-கே என்பது நடு அலைநீளத்து மதிப்பு இரு பக்கத்து மதிப்புகளின் சராசரியில் இருந்து எவ்வளவு விலகுகிறது என்பது. எக்ஸ்ட்ரா விர்ஜினுக்கு கே232 மதிப்பு 2.50, கே270 மதிப்பு 0.22, டெல்டா-கே 0.01 என்பவை உச்ச வரம்புகள். சுத்திகரிப்பில் வெளுப்பு மண்ணில் படும்போது கொழுப்பு அமிலச் சங்கிலியில் மூன்று இரட்டைப் பிணைப்புகள் அடுத்தடுத்து அமைந்துவிடுகின்றன. அவைதான் 270 பக்கத்தில் ஒளியை உறிஞ்சுகின்றன.

ஆனால் ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். நல்ல எண்ணெயின் கே270 மதிப்பு 0.13, கலந்த சுத்திகரித்த எண்ணெயினுடையது 0.70 என்று வையுங்கள். 10 சதவீதக் கலவையில் 0.117-உம் 0.070-உம் சேர்ந்து 0.187 வரும். தேறிவிட்டது. எதிர்ப்பக்கமும் உண்டு: கண்ணாடி பாட்டிலில் வெயில் பட்ட, வயதான, ஆனால் கலப்படமே இல்லாத எண்ணெய் 0.22-ஐத் தாண்டி நிற்கும். அதனால் யு.வி. (புற ஊதா) சோதனையில் தோல்வி கண்டால் 'மேலே தோண்டு' என்று பொருள், தேறினால் ஒன்றும் நிரூபணம் ஆகவில்லை என்று பொருள்.

கொழுப்பு அமிலமா, ஸ்டெராலா?

பெரும்பாலான தேர்வுகள் இங்கேதான் வந்து நிற்கின்றன. இரண்டுக்கும் வேண்டியது ஜி.சி. (ஆவியாக்கிப் பிரிக்கும் வாயு குரோமட்டோகிராஃபி) கருவியும் சுடர் அயனியாக்க உணரியும். உழைப்பில்தான் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம்.

கொழுப்பு அமிலத்துக்குத் தயாரிப்பு சில நிமிட வேலை. 0.1 கிராம் எண்ணெய், 2 மி.லி. ஹெப்டேன், மெத்தனாலில் கரைத்த 2 நார்மல் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு 0.2 மி.லி. இவற்றைத் திருகுமூடிக் குழாயில் போட்டு 30 விநாடி வேகமாகக் குலுக்கி, மேல் அடுக்கு தெளிந்ததும் எடுத்து ஜி.சி.க்குள் ஊசி போடலாம். மெத்தனாலில் ஈரம் ஏறியிருந்தால் எஸ்டருக்குப் பதில் சோப்பு உருவாகி அடுக்கு பிரியாது. அமிலத்தன்மை அதிகமுள்ள எண்ணெய்க்கு இந்தக் குளிர்முறை போதாது, தனித்திருக்கும் அமிலங்களைக் காரம் எஸ்டராக்காது.

கருவி வரைந்து தரும் படத்தில் (குரோமட்டோகிராம்) கவனிக்க வேண்டிய இடம் லினோலெனிக் உச்சியும் ஐகோசெனோயிக் உச்சியும். சயனோபுரோபைல் வகைப் பிரிப்புக் குழாயில் இரண்டும் ஒட்டி ஒட்டி வரும், அடுப்பின் வெப்பநிலையைச் சற்று மாற்றினால் முன்பின் வரிசைகூட மாறும். ஒன்றாகச் சேர்ந்துவிட்டால் 0.7 சதவீதமும் 0.35 சதவீதமும் கூடி 1.05 ஆகும். லினோலெனிக்கின் வரம்பு 1.00. கலப்படமே இல்லாத சரக்கு இப்படித் தோற்பதுண்டு. எனவே அறிக்கையில் எண்ணை மட்டும் பார்க்காமல் குரோமட்டோகிராமில் அந்த இரண்டு உச்சிகளும் அடிவரை பிரிந்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். டிரான்ஸ் அமிலங்களின், அதாவது சூட்டில் வடிவம் மாறிய கொழுப்பு அமிலங்களின், வரம்பு (ஒலிக் வகைக்கு 0.05, லினோலிக்கும் லினோலெனிக்கும் சேர்த்து 0.05) மிகச் சிறியது. ஊசி போட்ட அளவு அதிகமானால் ஒலிக்கின் பெரிய உச்சி பரந்து, அதற்கு முன்னால் வரும் டிரான்ஸ் உச்சியை விழுங்கிவிடும்.

ஸ்டெராலுக்குச் சாதாரணமாக இரண்டு நாள். 5 கிராம் எண்ணெயில் ஒப்பிட்டு அளப்பதற்கான ஆல்ஃபா கோலெஸ்டனால் உள்தரத்தைச் சேர்த்து, எத்தனாலில் கரைத்த 2 நார்மல் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு 50 மி.லி. விட்டுக் கொதிக்கவைத்துச் சோப்பாக்கி, ஈதரில் பிரித்து, நீரால் கழுவி, காரம் ஏற்றிய சிலிக்கா தட்டில் ஓட்டி, ஸ்டெரால் பட்டையைச் சுரண்டி, சிலைலேற்றம் செய்து (எளிதில் ஆவியாகும் வடிவுக்கு மாற்றி), பிறகுதான் ஜி.சி. ஒவ்வொரு படியிலும் வழுக்கலாம். பட்டையின் ஒரு பகுதியை மட்டும் சுரண்டினால் ஸ்டெரால்களின் விகிதமே திரிந்துபோகும், பட்டைக்குள் அவை சீராகப் பரவியிருப்பதில்லை. சிலைலேற்றக் குப்பியில் துளி ஈரம் இருந்தாலும் வினை பாதியில் நிற்கும்.

இவ்வளவு பாடுபட்டு என்ன கிடைக்கிறது? 2 சதவீதம் கடுகின எண்ணெய் கலந்த சரக்கை எடுத்துக்கொள்வோம். ஆலிவில் லினோலெனிக் 0.7 சதவீதம், கடுகின எண்ணெயில் 9 சதவீதம். கலவையில் 0.87 வரும். வரம்புக்குள் இருக்கிறது, கொழுப்பு அமிலச் சோதனை தேர்ச்சி கொடுத்துவிடும். இப்போது ஸ்டெரால். ஆலிவில் கிலோவுக்கு 1,500 மி.கி. ஸ்டெரால், பிராசிகாஸ்டெரால் அநேகமாக இல்லை. கடுகின எண்ணெயில் 7,000 மி.கி., அதில் பத்தில் ஒரு பங்கு பிராசிகாஸ்டெரால். கலவையில் மொத்தம் 1,610 மி.கி., பிராசிகாஸ்டெரால் 14 மி.கி., அதாவது 0.87 சதவீதம். வரம்பு 0.1. எட்டு மடங்குக்கும் மேல்! ஒரே கலவை ஒரு சோதனையில் நல்ல பிள்ளையாகவும் இன்னொன்றில் அப்பட்டமாகவும் தெரிகிறது.

ஒலிக் மிகுந்த சூரியகாந்தியிலும் இதே கதை. கொழுப்பு அமிலத்தில் கண்டுபிடிக்க ஏறக்குறைய வழியில்லை. அதன் ஸ்டெராலில் டெல்டா-7 ஸ்டிக்மாஸ்டெனால் 12 சதவீதம், மொத்த ஸ்டெரால் 3,000 மி.கி. என்று கொண்டால், வெறும் 1 சதவீதம் கலந்தாலே ஆலிவின் 0.3 சதவீதம் 0.53-க்கு ஏறி, 0.5 என்ற வரம்பைத் தாண்டிவிடும்.

ஆனால் பாமோலின் கலந்தால் ஸ்டெரால் கைகொடுக்காது. பாமோலினில் ஸ்டெராலே குறைவு. கேம்பெஸ்டெரால் 3.2 சதவீதமுள்ள ஆலிவில், கிலோவுக்கு 400 மி.கி. ஸ்டெரால் கொண்ட பாமோலினை 10 சதவீதம் சேர்த்தாலும் கேம்பெஸ்டெரால் 3.7 பக்கம்தான் வரும், வரம்பு 4.0. பால்மிடிக் அமிலமும் 14-ஐ ஒட்டியே நிற்கும், வரம்பு 20. இந்த ஓட்டையை அடைப்பது அடுத்த சோதனை.

ஸ்டிக்மாஸ்டாடயீன்

ஒரே ஒரு சோதனைக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் இதையே எடுக்கலாம். எண்ணெயை வெளுப்பு மண்ணோடு சூடாக்கும்போதும், அதிக வெப்பத்தில் நாற்றம் நீக்கும்போதும் பீட்டா-சிட்டோஸ்டெரால் ஒரு நீர் மூலக்கூறை இழந்து 3,5-ஸ்டிக்மாஸ்டாடயீன் ஆகிறது. பிழிந்து மட்டும் எடுத்த எண்ணெயில் இது இருக்க நியாயமில்லை. விர்ஜின் வகைகளுக்கு வரம்பு கிலோவுக்கு 0.05 மி.கி. சுத்திகரித்த எண்ணெய்களிலோ இது மில்லிகிராம் கணக்கில் கிடக்கும். 1 மி.கி. கொண்ட எண்ணெயை 10 சதவீதம் கலந்தால் 0.1 மி.கி. வந்து, வரம்பின் இரு மடங்காகிவிடும். சோயாவா பாமோலினா சுத்திகரித்த ஆலிவா என்ற கேள்வியே இங்கு எழாது. சுத்திகரித்தது எதுவாக இருந்தாலும் மாட்டும்.

20 கிராம் எண்ணெயை 3,5-கோலெஸ்டாடயீன் உள்தரத்தோடு அரை மணி நேரம் காரத்தில் கொதிக்கவிட்டு, ஹெக்சேனில் பிரித்து, சிலிக்கா நிரப்பிய குழாயில் ஹெக்சேன் விட்டுப் பிரிக்க வேண்டும். முதல் பகுதியில் நிறைவுற்ற ஹைட்ரோகார்பன்கள் வரும், அதை விட்டுவிட்டு அடுத்த பகுதியைப் பிடிக்க வேண்டும். சிலிக்காவின் ஈரம் மாறினால் பகுதிகளின் எல்லை நகர்ந்துவிடும். எனவே புதுப் புட்டி திறந்தவுடன் தரக்கரைசலை ஓட்டி எல்லையைச் சரிபார்க்க வேண்டும். இன்னொரு தொல்லை பாத்திரம். சற்றுமுன் சுத்திகரித்த எண்ணெயை ஆவியாக்கிய சுழல் ஆவியாக்கியில் ஒட்டியிருக்கும் மிச்சமே 0.05 வரம்பைத் தாண்டவைக்கும். ஒவ்வொரு தொகுதியோடும் ஒரு வெற்று ஓட்டம் (எண்ணெய் இல்லாமல் அதே வேலை) கட்டாயம்.

இதன் பலவீனம் தெளிவானது: சுத்திகரிக்காமல் பிழிந்த ஹேசல்நட் எண்ணெயையும், குறைந்த வெப்பத்தில் மட்டும் நாற்றம் நீக்கிய ஆலிவையும் இது பார்க்காது.

டெல்டா ஈசிஎன்42: விதை எண்ணெய்க்கு வைத்த பொறி

சோயா, சூரியகாந்தி, மக்காச்சோள எண்ணெய்களில் மூன்று லினோலிக் அமிலங்களும் ஒரே கிளிசராலில் தொங்கும் டிரைலினோலின் ஏராளம். ஆலிவில் அது மிகச் சொற்பம். கொழுப்பு அமிலச் சோதனை எல்லாச் சங்கிலிகளையும் வெட்டிக் குவித்து எண்ணுவதால் யார் யாரோடு சேர்ந்திருந்தார்கள் என்பது மறைந்துபோகிறது. எச்.பி.எல்.சி. (திரவத்தில் ஓடவிட்டுப் பிரிக்கும்) சோதனை முழு மூலக்கூறையே அளக்கிறது. டிரைலினோலின் அடங்கிய குழுவுக்குத்தான் ஈசிஎன்42 என்று பெயர். கொழுப்பு அமிலங்களை வைத்து 'இவ்வளவு இருக்க வேண்டும்' என்று ஒரு கணக்கு, கருவி காட்டும் உண்மை அளவு இன்னொன்று. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் டெல்டா. அது 0.20-க்குள் இருந்தால் எக்ஸ்ட்ரா விர்ஜினுக்குத் தேர்ச்சி. விதை எண்ணெய் ஓரிரு சதவீதம் சேர்ந்தாலே இடைவெளி திறந்துவிடும்.

இரண்டு அளவீடுகளின் கழித்தல் என்பதால் பிழையும் இரு பக்கமிருந்தும் வரும். ஜி.சி.யில் லினோலெனிக் தவறினால் தவறு நேராக இங்கே வந்து சேரும். எண்ணெயை முதலில் சிலிக்கா கார்ட்ரிஜில் தூய்மைப்படுத்தாவிட்டால் சிதைவுப் பொருள்கள் ஈசிஎன்42 பகுதியிலேயே வந்து உட்காரும். இப்போதைய முறையில் நகரும் திரவம் புரோப்பியோநைட்ரைல், நச்சுத்தன்மை உள்ளது. புகைக்கூண்டும் கழிவு ஏற்பாடும் இல்லாத ஆய்வகம் இதைத் தொடங்கக் கூடாது. ஒலிக் மிகுந்த சூரியகாந்திக்கும் ஹேசல்நட்டுக்கும் இந்தப் பொறியில் பிடி குறைவு, அவற்றில் டிரைலினோலின் அவ்வளவு இல்லை.

ஆலிவிலேயே ஆலிவ்

பொமேஸ் என்ற சந்தேகம் வந்தால் மெழுகும் (விர்ஜின் வகையில் சி42, சி44, சி46 சேர்த்து எக்ஸ்ட்ரா விர்ஜினுக்கு 150 மி.கி. வரை), எரித்ரோடையால்–உவாவோல் என்ற இரண்டு ஆல்கஹால்களின் கூட்டும் (4.5 சதவீதம் வரை) பார்க்க வேண்டும். தோலில் இருப்பதைக் கரைப்பான் உருவி எடுத்துவந்துவிடுவதால் இவை ஏறுகின்றன. மெழுகைக் குளிரவைத்து நீக்கிவிட முடியும் என்பதால் எரித்ரோடையாலையும் சேர்த்தே கேட்க வேண்டும். ஸ்டெரால் சோதனையில் அடுத்த பட்டையையும் சேர்த்துச் சுரண்டினால் அது தனிச்செலவு இல்லாமல் வந்துவிடும்.

மட்ட ரக எண்ணெயை மெல்ல நாற்றம் நீக்கிக் கலந்தால் மேலே சொன்ன எதுவும் பேசாது. பழம் குவியலில் அழுகி நொதித்ததற்குத் தடயம் எத்தில் எஸ்டர்கள். எக்ஸ்ட்ரா விர்ஜினுக்கு வரம்பு கிலோவுக்கு 35 மி.கி. ஆஸ்திரேலியத் தரநிலை டைகிளிசரைடு விகிதத்தையும் (குறைந்தது 35 சதவீதம்) பச்சையம் சிதைந்து வரும் பைரோஃபியோஃபைட்டினையும் (அதிகபட்சம் 17 சதவீதம்) சேர்த்துக்கொண்டது. சர்வதேச ஆலிவ் கவுன்சில் அவற்றை ஏற்கவில்லை, வயதானாலே அவை மாறும் என்பது வலுவான காரணம். இவை எல்லாவற்றையும்விட 8 முதல் 12 பேர் கொண்ட பயிற்சி பெற்ற சுவைக்குழுவின் மூக்கு நுட்பமானது. நீலக் கண்ணாடிக் கோப்பையில் 28 டிகிரியில் முகர்ந்து, குறைகளின் இடைநிலை மதிப்பு பூஜ்யமாக இருந்தால்தான் எக்ஸ்ட்ரா விர்ஜின்.

அகச்சிவப்பு, என்.எம்.ஆர். (அணுக்காந்த ஒத்ததிர்வு) கருவிகள் சில நிமிடங்களில் பதில் சொல்பவை. ஆனால் பதிலின் தரம், எந்த மாதிரிகளைக் காட்டிப் பழக்கினார்களோ அதைப் பொறுத்தது. ஸ்பெயின் எண்ணெயில் பழகிய கருவி துனீசிய எண்ணெயைக் கலப்படம் என்று சொல்லக்கூடும். தினமும் நூறு லாரி இறக்கும் நிலையத்துக்கு அது தகும், ஒற்றைச் சரக்கை நிராகரிக்க அதை ஆதாரமாகக் காட்ட முடியாது.

யாருக்கு எது

ஒரே ஒரு கன்டெய்னர் இறக்குபவர் ஸ்டிக்மாஸ்டாடயீன், டிரான்ஸோடு சேர்த்துக் கொழுப்பு அமிலம், டெல்டா ஈசிஎன்42 மூன்றையும் கேட்கலாம். இரண்டாவதன் எண்கள் மூன்றாவதுக்கு எப்படியும் வேண்டும் என்பதால் செலவு பங்கிடப்படுகிறது. விலை சந்தைக்கு வெகு கீழே இருந்தால் தயங்காமல் ஸ்டெராலையும் சேர்க்க வேண்டும். அந்த விலை வித்தியாசமே ஒலிக் மிகுந்த சூரியகாந்தியைச் சுட்டுகிறது. ஆண்டு முழுவதும் பாட்டிலில் அடைப்பவர் யு.வி. கருவியையும் ஒரு ஜி.சி.யையும் சொந்தமாக வைத்துக்கொண்டு, ஈசிஎன்42-ஐயும் சுவைக்குழுவையும் வெளியில் கொடுப்பது நல்லது. எச்.பி.எல்.சி. வாங்குவதைவிட அந்த ஜி.சி.யில் ஸ்டெரால் செய்ய ஒருவரைப் பழக்குவதில் பலன் அதிகம். எக்ஸ்ட்ரா விர்ஜின் என்ற பெயருக்கே சவால் வந்திருக்கிறது என்றால் எத்தில் எஸ்டரும் அங்கீகாரம் பெற்ற சுவைக்குழுவும்தான் முதலில்.

எல்லையில் நிற்கும் எண்ணைக் கண்டதும் சரக்கைத் திருப்பிவிடக் கூடாது. பார்னியா போன்ற ரகங்களில் இயல்பாகவே கேம்பெஸ்டெரால் 4.0-ஐத் தாண்டுவதுண்டு. அதனால்தான் 4.0-க்கும் 4.5-க்கும் இடையில் வந்தால், ஸ்டிக்மாஸ்டெரால் 1.4-க்குள்ளும் டெல்டா-7 ஸ்டிக்மாஸ்டெனால் 0.3-க்குள்ளும் இருக்கிறதா என்று மேலும் இறுக்கமாகப் பார்த்து முடிவெடுக்கும் வழியை வைத்திருக்கிறார்கள்.

மாதிரி எடுக்கும்போது, குளிரில் அடியில் படிந்திருந்தால் மெல்லச் சூடாக்கிக் கலக்கிவிட்டு, மூன்று கரும் கண்ணாடி பாட்டில்களில் கழுத்துவரை நிரப்பி முத்திரையிட வேண்டும். ஒன்று ஆய்வகத்துக்கு, ஒன்று விற்றவருக்கு, ஒன்று தகராறு வந்தால் திறக்க. ஆர்டரில் சோதனையின் பெயரோடு கவுன்சிலின் முறை எண்ணையும் எழுதி, குரோமட்டோகிராமையும் அளவிடும் குறைந்தபட்ச எல்லையையும் கேளுங்கள். அந்த எல்லை 0.1 மி.கி. என்று இருக்கும் ஆய்வகம் ஸ்டிக்மாஸ்டாடயீன் 'கண்டறியப்படவில்லை' என்று எழுதித் தந்தால், 0.05 வரம்பைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை என்றுதான் அர்த்தம். அந்த அறிக்கைக்குப் பணம் கட்டும் முன்பே மறு ஓட்டம் கேட்கலாம்.